விலைபோகாத மூன்றாவது வண்டி

மாயாண்டி அண்ணன் முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்த அன்று அந்த டிராக்டரைத் தொடவே இல்லை. வண்டி பார்க்க வருகிறவர்கள் டயரை ஓர் உதை உதைப்பார்கள், பானெட்டைத் தட்டுவார்கள், ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தூங்குகிற நாயைச் சுற்றிப் போவதுபோல், எட்டியே நின்று சுற்றி வந்தார்.

1981, மே மாதக் கடைசி. ஈப்போ லஹாட் ரோட்டில் ஒரு டிராக்டர் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது. பேசிப் பேசியே எதையும் விற்றுவிடலாம் என்ற திமிர் இருந்த வயது. ஆனால் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற அந்தச் சிவப்பு வண்டியை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. 1975-இல் எங்கள் சீன முதலாளி, தௌக்கே, ஒரே மாடலில் மூன்று இறக்கினார். இரண்டு உடனே போய்விட்டன. மூன்றாவது போவதற்குள் புது மாடல் வந்துவிட்டது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவன் நசுங்காமல் இருக்க, தலைக்கு மேல் இரும்புச் சட்டம் வைத்த மாடல். தோட்டத்துக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். மூன்றாவது வண்டி ஆறு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றது. வாட்ச்மேன் தன் சட்டைகளை அதன் ஸ்டீயரிங்கில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் போதும், கொட்டகை காலியானால் சரி என்று தௌக்கே சொல்லிவிட்டார்.

"இது மட்டும் ஏன் தம்பி விக்காம நிக்குது?" என்று மாயாண்டி அண்ணன் கேட்டார்.

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணே. மாடல் பழசாயிருச்சு, அவ்ளோதான்லா."

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருவத்தில்கூட வெள்ளைத் தூசி. சிம்பாங் பூலாய் கல்லு மலையில் கல் உடைக்கும் மெஷினில் வேலை, வீடு குனோங் ராபாட்டில் என்றார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமினார். தூசி நெஞ்சுக்குள் போய்விட்டது, அந்த வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் முன்பு இருந்த தோட்டம் காம்பார் பக்கத்து ஏழாங்கட்டை. அது இப்போது துண்டு துண்டாக விற்கப்பட்டு, ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்திருந்தது. அங்கே ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் பழனியப்பன் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். 'நீ ஒரு டிராக்டரோட வா, பழக்குலைய மில்லுக்கு இழுக்கிற வேலையை உனக்கே தர்றேன்' என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"டிராக்டர் ஓட்டத் தெரியுமாண்ணே?"

"பன்னெண்டு வருஷம் ஓட்டினேன். இதே மாடல்தான்."

பிறகு இடது பக்கம் வந்து, பெரிய சக்கரத்துக்கு மேலே இருக்கும் தட்டையான மட்காட்டைப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம் நின்றார். கைகள் பின்னாலேயே இருந்தன.

"இதுல ஆள் உக்காரலாமில்ல?"

வியாபாரம் படிகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா உக்காரலாம்ணே! பலகை மாதிரி இருக்கு பாருங்க. புது மாடல்ல இந்த வசதி கிடையாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்தார். நான் புது பேட்டரி போட்டுத் தயாராக வைத்திருந்தேன். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. ஆறு வருடம் நின்ற வண்டி என்று யாரும் சொல்ல முடியாத சத்தம். சந்தோஷமாக அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். எஞ்சினை அவர் கேட்கவில்லை; அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இப்ப யாராச்சும் கூப்ட்டாங்களா தம்பி?"

"இல்லையேண்ணே."

"சரி."

டயர்கள் நின்ற இடத்திலேயே அமுங்கி வெடிப்பு விட்டிருந்தன. நான் அதை மறைக்கலாம் என்று அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்து, "நாலும் மாத்தணும், ஹோஸ் எல்லாம் மாத்தணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரியை அழைத்து வந்து காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அவர் மனைவி காளியம்மா அக்கா சட்டை தைக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். மனதில் பட்டதைக் கேட்டுவிடும் ஆள். வந்ததும் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஆறு வருஷம் ஒருத்தனும் சீண்டாத வண்டிய எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

நான் சிரித்துவிட்டேன். டயர், ஹோஸ், எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. மாயாண்டி அண்ணன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். முதல் முறையாக அன்றுதான் வண்டியில் கை வைத்தார். அக்கா படியில் கால் வைத்து, சேலையைச் சொருகிக்கொண்டு, இடது மட்காட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குங்க. சாப்பாடு கொண்டாந்தா நானும் இப்பிடியே உக்காந்து வரலாம்."

"எறங்கு!"

அப்படி ஒரு குரலை நான் மனிதனிடம் கேட்டதில்லை. வாட்ச்மேன் முன்னாலிருந்து ஓடி வந்தார். எஞ்சின் நின்றுவிட்டது.

"எறங்குன்றேன் காளியம்மா! எறங்கு!"

அக்கா இறங்கவில்லை. "எதுக்கு இப்பிடிக் கத்துறீங்க?"

"அங்கதான் அவன் உக்காந்திருந்தான்."

"யாரு?" என்று கேட்டவர், கேட்கும்போதே தெரிந்துகொண்டதுபோல் குரலைத் தாழ்த்தினார். "சன்னாசியா? அவனாத்தானே ஏறுனான்? குடிச்சிட்டு, ஓடுற வண்டியில?"

"நான்தான் ஏறச் சொன்னேன்."

நான் அங்கிருந்து விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முன்னால் இருந்த தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்ன அனைத்தையும் கேட்டேன்.

சன்னாசி, காளியம்மா அக்காவின் தம்பி. 1973-இல் ஆடி மாதம் இறந்துபோனவன். மாயாண்டி அண்ணன் அப்போது ஏழாங்கட்டையில் ரப்பர்ப் பால் டேங்க்கை டிராக்டரில் இழுத்துப் போகிற வேலையில் இருந்தார். டேங்க் மூடியின் பூட்டு உடைந்து ஒரு மாதமாகியிருந்தது. ஆபீசில் சொல்லியும் யாரும் மாற்றவில்லை. அன்று மழை. சரிவில் இறங்கும்போது மூடி எகிறி எகிறிப் பால் சிந்தியது. சிந்துகிற பாலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வழியில் சன்னாசி நடந்து போய்க்கொண்டிருந்தான். 'ஏறி உக்காரு மாப்ளே, மூடிக் கயித்த இழுத்துப் புடிச்சுக்க' என்றார். மட்காட்டில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அவனும் பின்பக்கம் திரும்பி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த வளைவில் சக்கரம் காவாயில் இறங்கி ஏறியது.

"மச்சான்னு ஒரு தடவ கூப்ட்டான். கேட்டுச்சு. நான் கியர் மாத்திக்கிட்டு இருந்தேன். என்னமோ சொல்றான்னு நெனச்சுத் திரும்பல. ஒரே தடவதான் கூப்ட்டான்."

விழுந்தவன் மேல் டேங்க்கின் சக்கரம் ஏறிப் போன பிறகுதான் திரும்பியிருக்கிறார்.

அன்று மத்தியானமே ஆபீஸ் எழுத்தரான கிராணி ஒரு பேப்பர் எழுதிவிட்டார். சன்னாசி சம்சு சாராயம் குடித்திருந்தான், ஓடுகிற வண்டியில் தானாகத் தாவி ஏறினான் என்று. கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸ், வேலை போகும், லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், மூன்று பிள்ளைகள். மாயாண்டி அண்ணன் போட்டுவிட்டார். சாராய வாடை அடித்தது என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மண்டோர் பழனியப்பன்.

காளியம்மா அக்கா மட்காட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "குடிச்சிருந்தானா, இல்லையா?"

"இல்ல."

அவன் குடிக்கவில்லை என்பது இந்தக் கதையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் தெரிந்தது. அது மாரியம்மன் கோயில் திருவிழா வாரம். சன்னாசி கையில் காப்புக் கட்டி விரதம் இருந்தான். காப்புக் கட்டிய கையால் குடித்தான், அதனால்தான் ஆத்தா அடித்துவிட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு தாங்காமல் அவன் மனைவி இருளாயி சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு காம்பாருக்குப் போய்விட்டாள். அக்காவும் அதை நம்பினார்.

"எட்டு வருஷமா அவனுக்கு ஒரு வெளக்கு ஏத்தல நான்" என்று அக்கா சொன்னார். "ஆத்தா சந்நிதியில குடிச்சவனுக்கு என்ன வெளக்குன்னு இருந்துட்டேன்."

அழவில்லை. மெதுவாக இறங்கினார். சேலையை உதறிவிட்டுக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் லஹாட் ரோட்டுக்குப் போய், பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றார். மாயாண்டி அண்ணன் பின்னாலேயே ஓடினார். வண்டிச் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்த டிராக்டரைக் காட்டியும் ஆள் உட்காரலாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கொட்டகைக்குள் தனியாகப் போகவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாட்ச்மேனும் சட்டையை வேறு இடத்தில் காயப்போட ஆரம்பித்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சாவியைக் கொடுக்க மாயாண்டி அண்ணன் வந்தார். இளைத்திருந்தார். காளியம்மா அக்கா அதுவரை அவரிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசியிருக்கிறார்: 'மொதல்ல இருளாயிகிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்புறம் வண்டி வாங்குறதா வேணாமான்னு பாக்கலாம்.'

அவர் காம்பாருக்குப் போயிருக்கிறார். இருளாயி அங்கே நாகூர் மீரான் என்பவரின் சாப்பாட்டுக் கடையில் மசாலா அரைக்கிற வேலையில் இருந்தாள். கடையின் பின்கட்டில், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். அவள் அரைப்பதை நிறுத்தவில்லையாம்.

"அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ணே" என்றாளாம். "காலையில என் கையாலதான் பாலும் பழமும் குடுத்தேன். யாருகிட்டப் போயிச் சொல்றது? நீங்க அந்தக் கிராணி சொன்னத நம்பித்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நெனச்சிருந்தேன். இத்தன வருஷம் ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல." பிறகு கையைக் கழுவிவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்திருக்கிறாள். "இன்னிக்குத்தான் வருது."

இதைச் சொல்லும்போது மாயாண்டி அண்ணன் என் மேசையிலிருந்த டிராக்டர் படப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"வேற என்னண்ணே சொன்னாங்க?"

"கோயில்ல சொல்லச் சொன்னுச்சு. எந்தக் கோயில்ல அவன் பேரு கெட்டுச்சோ அங்க. எல்லாரும் இருக்கிறப்ப."

ஆடித் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. அதுவரை வண்டியை விற்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆறு வருடம் யாரும் கேட்காத வண்டி. ஆனால் சிரிப்பு வரவில்லை. "வச்சிருக்கேண்ணே" என்றேன்.

திருவிழா அன்று கடை வேனில் அவர்கள் இருவரையும் ஏழாங்கட்டைக்கு அழைத்துப் போனேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கூப்பிட்டேன். தோட்டம் கைமாறிப் போனாலும் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்துவிடுவார்கள் என்று வழியில் அவர் சொன்னார். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் சரிவு ஒன்று வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா ஜன்னலை இறக்கிவிட்டு அந்த வளைவை முழுதாகப் பார்த்தார்.

மத்தியானப் பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கோயில் தலைவர் பழனியப்பன்தான் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். மாயாண்டி அண்ணன் போய் மைக்கைக் கேட்டார். டிராக்டர் வாங்கிவிட்ட சந்தோஷத்தைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தோ என்னவோ, அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"சன்னாசி அன்னிக்குக் குடிக்கல" என்று மாயாண்டி அண்ணன் ஆரம்பித்தார். இருமல் வந்தது. இருமலும் ஒலிபெருக்கியில் போயிற்று. "நான்தான் அவன வண்டியில ஏறச் சொன்னேன். பொய்யாக் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டுன காப்பு சுத்தமான காப்பு."

பழனியப்பன் முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா பழைய கதை எதுக்குலா, மைக்கக் குடு" என்று கையை நீட்டினார். மாயாண்டி அண்ணன் கொடுக்கவில்லை. பால் டேங்க் பூட்டு, மழை, கயிறு, கூப்பிட்ட சத்தம், எல்லாவற்றையும் சொன்னார். பழனியப்பன் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பேப்பரில் யார் யார் கையெழுத்து இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சொல்லி முடித்தார். யாரும் திட்டவில்லை, அடிக்க வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சாம்பார் வாளியோடு நின்றவர் பரிமாற ஆரம்பித்தார். ஆட்கள் சாப்பிட்டார்கள். கடைசி வரிசையில் மகளோடு நின்ற இருளாயி சந்நிதிக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாள். காளியம்மா அக்கா அவள் பின்னாலேயே சாலை வரைக்கும் போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

மாயாண்டி அண்ணன் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் வயதுள்ள ஒருவர் பக்கத்தில் வந்தார். "எங்களுக்கு அப்பவே தெரியும்லா மாயாண்டி" என்று தோளைத் தட்டினார், ஆறுதல் சொல்வதுபோல. "காப்புக் கட்டுனவன் எங்க குடிக்கப் போறான்? ஆபீஸ்காரன் எழுதிட்டான், நாம என்ன செய்யிறதுன்னு விட்டுட்டோம்."

மைக்கின் முன்னால் ஆடாத அவர் உடம்பு அப்போதுதான் ஆடியது. எட்டு வருடம் தனியாகச் சுமந்ததாக நினைத்ததை அத்தனை பேரும் தெரிந்தே வைத்திருந்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டே அவன் பேரைக் கெடுத்துப் பேசியும் இருக்கிறார்கள். நான் அவர் கையைப் பிடித்து வேனில் உட்காரவைத்தேன்.

மறு வாரமே பழனியப்பன் ஆள் அனுப்பி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். இனி வண்டி எதற்கு, வரமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். தௌக்கேயிடமும் சொன்னேன். ஆனால் செப்டம்பரில் ஒரு நாள் இருவரும் வந்தார்கள். அதே இடத்தில் சின்னச் சின்னத் துண்டாக நிலம் வைத்திருந்த இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்களாம். பழனியப்பன் தருவதாகச் சொன்ன வேலையில் பாதிகூட வராது. ஆனாலும் கல்லு மலையை விட்டுவிடலாம்.

"வேற வண்டி பாக்கலாம்னு இவர் சொல்றாரு" என்றார் அக்கா. "எனக்கு இதே போதும். பொய் சொன்னது வண்டி இல்லயே."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னால இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"ஒங்களயே பாத்துக்கிட்டு இருக்கேனே" என்றார் அக்கா.

டயரும் ஹோஸும் மாற்றி, வண்டியை ரோட்டுக்கு எடுத்துக் கொடுத்தோம். அவர் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டார். இரண்டு மட்காட்டின் மேலும் இரும்புக் கம்பிகளை நிறுத்திப் பற்றவைத்துக் கொடுக்கச் சொன்னார், ஒரு கோழிகூட உட்கார முடியாதபடி. எங்கள் பட்டறைக்காரன் சீனத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தான்.

சர்வீசுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கொஞ்ச நேரம் உட்காருவார். ஒருமுறை நானே கேட்டேன், இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று. கோயிலில் சொன்ன பிறகு நின்றிருக்கும் என்ற நினைப்பு எனக்கு.

"கேக்குது தம்பி. முன்னவிட நல்லாக் கேக்குது."

"கேட்டா என்னண்ணே செய்வீங்க?"

"நிப்பாட்டிட்டு எறங்குவேன். வண்டியச் சுத்திப் பாப்பேன். ஆள் இல்லன்னு பாத்துட்டு ஏறுவேன்."

அதனால் மில்லுக்கு எப்போதும் கடைசியாகத்தான் போய்ச் சேர்வார் என்று மற்ற டிராக்டர்காரர்கள் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். சரிவில் மட்டும் ஒரே இறக்கத்தில் மூன்று தடவைகூட நிறுத்துவாராம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பார்.

1989-இல் இருளாயியின் மகளுக்குக் காம்பாரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பத்திரிகை குனோங் ராபாட் வீட்டுக்கு வந்தது. உறையின் மேல் காளியம்மா என்று மட்டும் எழுதியிருந்தது. அன்று கோயிலுக்கு வேனில் அழைத்துப் போனவன் என்று எனக்கும் ஒன்று வந்திருந்ததால் நான் போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் மாயாண்டி அண்ணன் வெள்ளைச் சட்டை, வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தார். உள்ளே வாங்கண்ணே என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். தாலி கட்டும் நேரம் மேளச் சத்தம் ரோட்டைத் தாண்டி வந்தபோது எழுந்து நின்று, கைகூப்பினார். அப்புறம் உட்கார்ந்து கோப்பியைக் குடித்தார். பந்தி முடிந்து காளியம்மா அக்கா வெளியே வர இரண்டு மணியாகிவிட்டது. அதுவரை அவர் அங்கேயேதான் இருந்தார்.